துணி படாத இடம்

அத்தியாயம் 9

“ஒண்ணு கூட மின்னலக்கா” என்றான் ரஃபீக். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று அவனுக்கே தெரியவில்லை.

திரைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கிய குழந்தைகள் வார்டில் அவன் ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிள்ளைகளைப் படுக்கவைக்கும் கண்ணாடிப் பெட்டிகளின் விளிம்பு, சுவிட்சுப் பலகை, மேசை, நாற்காலிக் கை, தண்ணீர்க் குழாய், கதவு என்று ஒன்றையும் விடவில்லை. காலையில் ராமாமிர்தம் வந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு பசையை இதே இடங்களில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்திருந்தார். ஒழுங்காகத் துடைத்திருந்தால் புள்ளி போயிருக்கும். ஒப்புக்குத் துடைத்திருந்தால் இந்த விளக்கில் பச்சையாக மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும். கடலூரில் பரிசோதனைக்கூடம் வைத்து, ஆயுசில் பாதியைக் கிருமிகளோடு குடித்தனம் நடத்தியவர் ராமாமிர்தம். அவர் வைத்த புள்ளிகளில் ஒன்றுகூட இப்போது இல்லை.

கனிமொழி திரையை விலக்கினாள். சிதம்பரத்துக் கார்த்திகை மாத வெயில், மழைக்கு நடுவே கிடைத்த கொஞ்சத்தை உள்ளே கொட்டியது. மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். அலுவலகத்தில் இரண்டே நாற்காலி. ஒன்றில் அவள், இன்னொன்றில் ரஃபீக். கட்சிக்காரர் வந்தால் ரஃபீக் எழுந்து நிற்க வேண்டும். அதனாலேயே நமக்குக் கட்சிக்காரர்கள் வராமலிருப்பது நல்லது என்று அவன் சொல்லுவான்.

ஆனால் வந்தார் ஒருவர். பெயர் ஸ்ரீதர். இந்தத் தாய்சேய் மருத்துவமனையின் இயந்திரங்களையும் கதவு ஜன்னல்களையும் பழுது பார்க்கிற மெயின்டனன்ஸ் ஆள். தீபாவளிக்குப் பிறகு இந்த வார்டில் மூன்று குழந்தைகளுக்கு ரத்தத்தில் கிருமி ஏறியது. இரண்டு பிழைத்துக்கொண்டன. பிழைக்காத மூன்றாவது, ஸ்ரீதரின் மகள். அவளுக்கு இன்னும் பெயர்கூட வைத்திருக்கவில்லை.

வார்டை மூடினார்கள். யார்மீதாவது பழியைப் போட்டாக வேண்டும் என்று வந்தபோது, நிர்வாகி தேவநாதன் துப்புரவுப் பணியாளர் ரஹ்மத் பீவியின் பக்கம் கையை நீட்டினார். வேலை போயிற்று. அவள் அசட்டையாகத் துடைத்ததால்தான் குழந்தை செத்தது என்று போலீசுக்கு ஒரு புகாரும் தயாரானது. அதில் தகப்பன் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்தான் ஸ்ரீதர் கனிமொழியிடம் வந்தார். “அவுங்கதான்னு நிச்சயமாத் தெரிஞ்சா போட்டுர்றன் மேடம். தெரியாம ஒரு பொம்பளைய உள்ள தள்ளிட்டு நான் எப்படித் தூங்குவேன்?” என்றார். தூங்கிப் பல நாளான கண்கள் அவருக்கு.

ரஹ்மத் பீவி பரங்கிப்பேட்டைக்காரி. ரஃபீக்கின் வீட்டுக்கு அடுத்த தெரு. அந்தத் தெருவில் இப்போது அவளைப் பச்சைப்பிள்ளையைக் கொன்றவள் என்கிறார்கள். கடைக்குப் போவதை விட்டுவிட்டாள். இன்று சோதனைக்காகக் கூப்பிட்டதால் வந்து, வழக்கம்போல் துடைத்துவிட்டு, வார்டின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முக்காட்டுக்குள் முகம் பாதிதான் தெரிந்தது.

“நீங்கெல்லாம் சுத்தி நிக்கிறீங்க, தொடச்சுட்டாங்க. அன்னிக்கி யாரு பாத்தா?” என்றார் தேவநாதன்.

“போன மாசம் ராமாமிர்தம் சார் யாருக்கும் சொல்லாம வந்து புள்ளி வெச்சாரே, அன்னிக்கும் இந்தம்மா முறையில ஒண்ணும் மின்னல” என்றாள் கனிமொழி. “அந்த ரிப்போர்ட்டைக் கீழ வரவேற்புல மாட்டி வெச்சிருக்கறதே நீங்கதான் சார்.”

“ஃப்ரேம் போட்டு” என்றான் ரஃபீக். “மாலை ஒண்ணுதான் பாக்கி.”

தேவநாதன் அவனை முறைத்தார். ராமாமிர்தம் தன் பெட்டியை மூடிக்கொண்டே, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார். “புள்ளி மட்டும் இல்ல சார். தொடைக்கறதுக்கு முன்னாடி ஒரு பஞ்சுக் குச்சி, தொடச்ச அப்புறம் ஒரு குச்சி. ரெண்டுலயும் ஒட்டின கிருமியத் தட்டுல வளத்துப் பாப்பேன். முன்னாடி எடுத்தது கடுகு கொட்டின மாதிரி இருக்கும். இந்தம்மா தொடச்ச அப்புறம் எடுத்ததுல விரல் விட்டு எண்ணிடலாம். எனக்குத் தெரிஞ்சு இவுங்கள மாதிரி தொடைக்கறவங்க இந்த ஜில்லாவுலயே கம்மி.”

இது ரஹ்மத் பீவிக்கு நல்ல செய்திதான். ஆனால் கனிமொழியின் நெற்றி சுருங்கியே இருந்தது. துணியைச் சோதித்தாயிற்று, சுத்தம். வாளித் தண்ணீர், மருந்து, நர்சுகளின் கை, எல்லாம் சுத்தம். துடைத்த இடத்தில் கிருமி இல்லை. துடைக்காத இடம் என்று ஒன்றும் இல்லை. ஆனாலும் மூன்று குழந்தைகளுக்குக் கிருமி வந்திருக்கிறது. காரணம் எங்கே என்று காட்டாவிட்டால் தேவநாதனின் விரல் நீட்டிய இடத்திலேயே நிற்கும்.

“பறந்து வந்திருக்குமோக்கா?” என்றான் ரஃபீக்.

“ரெக்க முளைச்ச கிருமியா?”

“பிச்சாவரம் பக்கந்தானே, பறவைங்களப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்.”

அப்போது உள் கதவு திறந்து லோகநாயகி வந்தாள். அந்த வார்டின் மூத்த நர்சு. கதவுக்கு வெளியே இருக்கும் தொட்டியில் அவள் கை கழுவிய சத்தம் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை வரை என்று அப்படி ஒரு கழுவல். கழுவிய கைகளை எதிலும் படாமல் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள்.

“காலி வார்டுக்கு வரவா சிஸ்டர் இவ்வளவு கழுவணும்?” என்றாள் கனிமொழி.

“பழக்கம் மேடம். கழுவாம இந்தக் கதவத் தள்ள எனக்குக் கை வராது” என்றாள் லோகநாயகி. கண்ணாடிப் பெட்டிகள் காலியாக இருப்பதைப் பார்த்ததும் குரல் கம்மியது. “இப்ப யாருக்காகக் கழுவறேன்னு நீங்க கேக்கறதும் சரிதான்.”

கனிமொழி அவளுடைய வலது உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு ஒரு எட்டு முன்னால் வைத்து, அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். உள்ளங்கையின் அடிப்பகுதியில், ஈரத்தில் கரைந்து, மெலிதாக ஒரு மஞ்சள். குனிந்து முகர்ந்தாள்.

“சந்தனம்.”

“ஆஸ்பத்திரிச் சோப்பு சந்தன சோப்பா? வசதியான ஆஸ்பத்திரிதான்” என்றான் ரஃபீக்.

“சோப்பு பச்சைடா. நானும் கழுவினேன். இவ்வளவு தேச்சுக் கழுவின கையில இது இருந்திருந்தா போயிருக்கும். அப்ப இது கழுவின அப்புறம் வந்தது.” கனிமொழி கதவை நோக்கித் திரும்பினாள். “கழுவின கையோட சிஸ்டர் தொட்டது ஒண்ணே ஒண்ணுதான்.”

கதவுக்கு அந்தப் பக்கம் எல்லோரும் வந்து நின்றார்கள். கைப்பிடி இல்லாத கதவு. மார்பு உயரத்தில் ஒரு ஸ்டீல் தகடு. அதில் கை வைத்துத் தள்ளினால் திறக்கும். தகடு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அதன் நட்டநடுவில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமப் பொட்டு. ஒரு தடவை வைத்ததில்லை. ஆயுத பூஜைக்கு வைத்ததன்மேல் வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வைத்து, காய்ந்து, மறுபடி வைத்து, சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஏடு ஏடாகத் தடித்திருந்தது. ஓரத்தில் ஈரக் கை பட்ட இடம் இப்போதும் கசிந்திருந்தது.

இத்தனை நாளும் எல்லோரும் பார்த்ததுதான். எந்தக் கடையில், எந்த பஸ்ஸில், எந்த இயந்திரத்தில் இல்லை இது? பார்த்துப் பார்த்தே கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது.

“ரஹ்மத்தம்மா, இந்தத் தகட்ட ஒரு தடவ தொடச்சுக் காட்டுறீங்களா?”

ரஹ்மத் பீவி துணியை மருந்தில் நனைத்துப் பிழிந்தாள். மேலே துடைத்தாள், கீழே துடைத்தாள், இரு பக்கமும் அழுத்தித் துடைத்தாள். துணி சந்தனத்தின் பக்கத்தில் வந்ததும் வேகம் குறைந்தது. தேர் போகும் வீதியில் ஓரம் ஒதுங்கிப் போகிறவளைப்போல அதை ஒட்டிச் சுற்றிக்கொண்டு போயிற்று.

“நடுவுல?” என்றாள் கனிமொழி.

“அது அவுங்க சாமி சமாச்சாரம்மா” என்றாள் ரஹ்மத் பீவி, பயந்த குரலில். “நான் போயி அதை அழிக்கலாமா? தப்பில்ல?”

“சிஸ்டர், நீங்க அழிப்பீங்களா?”

“வெள்ளிக்கிழம அதுவுமா குங்குமத்த அழிக்கச் சொல்றீங்களே மேடம்” என்று லோகநாயகி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“ராமாமிர்தம் சார், இந்தத் தகட்டுல நீங்க எங்க புள்ளி வெச்சீங்க? எங்க குச்சி போட்டு எடுத்தீங்க?”

ராமாமிர்தம் தகட்டின் மேல் மூலையைக் காட்டினார்.

“எப்பவுமே அங்கதானா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொட்டு மேல எப்படிம்மா குச்சிய வெச்சுத் தேய்க்கறது? மனசு வராது. மனசு வராதுன்னு சொல்றதுகூடப் பொய். தோணவே இல்ல.”

கனிமொழி ரஃபீக்கைப் பார்த்தாள். ரஃபீக் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தான்.

“என்னப் பாக்காதீங்கக்கா. என் பேரு ரஃபீக். இதுல நான் துணிய வெச்சன்னா சாயங்காலத்துக்குள்ள அது எந்த ஊரு வரைக்கும் போவும்னு உங்களுக்கே தெரியும்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை, அவன் முகத்திலும் சிரிப்பு நிலைக்கவில்லை.

கடைசியில் ராமாமிர்தத்தின் பெட்டியிலிருந்து கனிமொழியே ஒரு குச்சியை எடுத்தாள். சந்தனத்துக்கு அருகே கொண்டுபோன கை ஒரு கணம் நின்றது. இடது கையால் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சுரண்டினாள்.

“கையக் கழுவிட்டு எல்லாரும் கடைசியா தொடற எடம் இது” என்றாள், குச்சியைக் குப்பிக்குள் போட்டுக்கொண்டே. “ஈரக் கையோட. இதுக்கப்புறம் தொடறது குழந்தையத்தான்.”

லோகநாயகி சுவரில் சாய்ந்தாள். தன் கையையே பார்த்தாள். “நான் ஒரு நாளும் கழுவாம போனதில்ல மேடம். ஒரு நாளும்” என்று சொல்லிவிட்டு அழுதாள். ரஹ்மத் பீவிதான் போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுகை அடங்கியதும் கனிமொழி லோகநாயகியை மாடிப்படிப் பக்கம் அழைத்துப் போய் ஏதோ கேட்டாள். லோகநாயகி தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். திரும்பி வந்தபோது கனிமொழியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“யாரு வெச்சதுன்னு கேட்டீங்களாக்கா?”

“ரிசல்ட் வரட்டும்.”

“திங்கக்கிழம ஸ்ரீதர் கையெழுத்துப் போட்டுருவாரு. அதுக்கு முன்னாடி உங்க ஆராய்ச்சிய முடிச்சிருங்க” என்றார் தேவநாதன் பின்னாலிருந்து.

*

திங்கட்கிழமை காலை கடலூரில் விட்டு விட்டு மழை. பரிசோதனைக்கூடத்தில் ராமாமிர்தம் இரண்டு தட்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்று தகட்டின் துடைத்த ஓரத்தில் எடுத்தது, ஏறக்குறைய வெறுமை. இன்னொன்று சந்தனத்தில் எடுத்தது. அதைப் பார்த்ததும் ரஃபீக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அந்தக் குழந்த ரத்தத்துல இருந்த அதே கிருமிதான்” என்றார் ராமாமிர்தம். “கீழ பூஜை மாடத்துல சந்தனக் கிண்ணத்தையும் எடுத்துப் பாத்துட்டேன். அதுலயும் இருக்கு. மிச்சம் மீதில தண்ணி ஊத்தி வெச்சு, அடுத்த வாரம் அதையே கொழச்சு எடுத்திருக்காங்க.” தட்டுகளை மூடினார். “எத்தன வருஷமா அந்தத் தகட்ட அளந்திருக்கேன் தெரியுமாம்மா? ஓரத்த அளந்திருக்கேன்.”

ரஃபீக்குக்கு அந்த நிமிஷம் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. ரஹ்மத் மாமி தப்பித்துவிட்டாள். வெளியே ஓடிவந்து போனை எடுத்தான். கனிமொழி அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

“முதல்ல ஸ்ரீதர் வீடு.”

“நல்ல சேதி சொல்லத்தானேக்கா போறோம்? யாருமே வேணும்னு பண்ணல. குத்தவாளி சந்தனம். விலங்கு போட்டா கரைஞ்சிரும், ஒண்ணும் பண்ண முடியாது.”

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த கனிமொழி, திருப்பாதிரிப்புலியூர் வரும்வரை வெளியே மழையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் நகைச்சுவைக்கு அவள் திட்டாவது திட்டுவாள். இன்று திட்டவும் இல்லை.

ஸ்ரீதர் வீட்டுக் கூடத்தில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. உத்திரத்தில் தூளி கட்ட அடித்த புது வளையம் அப்படியே இருந்தது. அவர் மனைவி சிவகாமி சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷன் உடம்பு இன்னும் தேறவில்லை. டிவி மேசைமேல் தேவநாதன் அனுப்பிய புகாரும் அதன்மேல் ஒரு பேனாவும் இருந்தன.

“உங்ககிட்ட தனியாக் கொஞ்சம் பேசணும்” என்றாள் கனிமொழி ஸ்ரீதரிடம்.

“எம் புள்ள விஷயத்துல எனக்குத் தெரியாம தனியா இன்னா?” என்றாள் சிவகாமி. “இங்கயே சொல்லுங்க.”

கனிமொழி கீழே, அவளுக்கு எதிரே, தரையில் உட்கார்ந்தாள்.

“ரஹ்மத் பீவி மேல தப்பு இல்லம்மா. அவுங்க ஒழுங்காத் தொடச்சிருக்காங்க, அளந்து பாத்தாச்சு. ஒரே ஒரு எடத்துலதான் துணி படல. அவுங்க மட்டுமில்ல, யாருமே அந்த எடத்துல துணிய வெக்க மாட்டாங்க. கிருமி அங்கதான் இருந்துச்சு. கதவுல வெச்சிருந்த சந்தனத்துல.”

“எந்தக் கதவுல?” என்றார் ஸ்ரீதர்.

“கை கழுவிட்டு உள்ள போற கதவுல.”

ஸ்ரீதர் வலது கையை மடித்து இடது கைக்குள் வைத்துக்கொண்டார். ரஃபீக் அதைப் பார்த்தான். மாடிப்படியில் லோகநாயகி என்ன சொல்லியிருப்பாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐயோ, இவரா என்று நினைத்தான். எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது.

சிவகாமிக்கு அது தெரியாது.

“ஆஸ்பத்திரியில கதவுக்குப் போயி யாரு சந்தனம் வெச்சது?” என்றாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. “பச்சப் புள்ளைங்க இருக்குற எடத்துல எவன் வெச்சான்? வெச்ச கை வெளங்காமப் போவ! அழுவிப் போவ அந்தக் கை!”

“சிவகாமி…”

“பெத்தவ சொல்றன், பலிக்கும். அந்தக் கையால ஒரு வாய் சோறு…”

“நான்தான் வெச்சன்” என்றார் ஸ்ரீதர்.

மழை வலுத்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி எடுக்க ஓடினார்கள்.

“வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கும், அப்புறம் வெள்ளிக்கிழம தோறும் நான்தான் வெப்பன். ஓடற மெஷின், தெறக்கற கதவு எல்லாத்துக்கும். அந்தக் கதவு நான் மாட்டினது.” அவர் சிவகாமியைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். “பாப்பா உள்ள இருந்தப்ப ஒரு வெள்ளிக்கிழம வந்துச்சு. அன்னிக்கிக் கொஞ்சம் கூடவே வெச்சன். நல்லாயிடணும்னு வேண்டிக்கினு வெச்சன்.”

“உங்களுக்குத் தெரியாது ஸ்ரீதர். யாருக்குமே தெரியல. அளக்க வந்தவருக்கே தோணல” என்றாள் கனிமொழி. அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

சிவகாமி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். சபித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருந்தால் அப்போதே எடுத்துக்கொண்டிருப்பாள். உட்கார்ந்தவாறே நகர்ந்து வந்து, புருஷனின் மடித்த வலது கையைப் பிரித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. ரஃபீக்தான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான்.

வெகு நேரம் கழித்து ஸ்ரீதர் எழுந்து, புகாரை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

“அந்தம்மா வீடு எங்க இருக்குன்னு தெரியுமா தம்பி?”

“எங்க ஊருதான்” என்றான் ரஃபீக்.

“நான் போயிப் பாக்கணும்.”

“நானும் வர்றன்” என்றாள் சிவகாமி.

“உடம்பு தாங்காதும்மா” என்றாள் கனிமொழி.

“தாங்கும்.”

*

வாடகைக் காரில் பரங்கிப்பேட்டை போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சாயங்கால அசர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ரஹ்மத் பீவி வீட்டு வாசலில் கார் நின்றதும் எதிர் வீட்டுக் கதவு லேசாகத் திறந்தது. ரஃபீக் அந்தக் கதவைப் பார்த்து, “நல்லா முழுசாத் தொறந்தே பாருங்க மாமி, இதுக்கு டிக்கெட் இல்ல” என்றான். கதவு சாத்திக்கொண்டது.

மகள் ஷஹனாஸ் வந்து பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். ரஹ்மத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள். ஸ்ரீதரைப் பார்த்ததும் அவள் கை நிலையைப் பிடித்தது.

“போலீசு வந்திருக்கா தம்பி?” என்றாள். “நான் ஒழுங்காத்தான் தொடச்சன். அல்லா மேல ஆணையா சொல்றன். நான் ஏமாத்தல.”

“இல்ல மாமி, அதுக்கில்ல” என்று ரஃபீக் அவசரமாகச் சொன்னான். மேலே சொல்ல வேண்டியவர் ஸ்ரீதர். அவர் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். கதவு, சந்தனம், கிண்ணம், அந்த வெள்ளிக்கிழமை. “உங்கள வேலைய விட்டு எடுத்தப்ப நான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்த கேக்கல” என்று முடித்தார்.

பழி போயிற்று என்று அவள் சந்தோஷப்படுவாள் என்று ரஃபீக் நினைத்தான். ரஹ்மத் பீவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நீ சாமிய நெனச்சு வெச்ச” என்றாள். “நானும் சாமிக்குப் பயந்துதான் தொடல. அதை வழிச்சுப் போட்டிருந்தன்னா உம் புள்ள இருந்திருக்கும். அதுவும் சேத்துத்தான் எனக்கு வலிக்கிது. இதுல யாரப் போயி ஏசறது?”

ஸ்ரீதர் தலையைக் குனிந்துகொண்டார். கிளம்பலாம் என்று கனிமொழி கண்ணைக் காட்டினாள். சிவகாமி நகரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, ரஹ்மத் பீவியின் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள்.

“நீங்க தெனமும் உள்ள போனீங்கல்ல?” என்றாள்.

“போனேன் கண்ணு.”

“எனக்குக் காய்ச்சல்னு கீழயே படுக்க வெச்சிட்டாங்க. எங்கிட்ட காட்டினப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. கண்ணு மூடியிருந்துச்சு. இவரு வெளியில நின்னு தூரத்துலதான் பாத்தாரு.” அவள் படியில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். “எம் புள்ள கண்ணத் தொறந்துச்சா? நீங்க பாத்தீங்களா?”

ரஹ்மத் பீவி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை நாளில் இப்படி ஒன்றை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எந்தத் துணி, எந்த மருந்து, எத்தனை தடவை என்றுதான் கேட்டார்கள்.

“தொறந்துச்சு கண்ணு. நல்லாத் தொறந்துச்சு. பெரிய கண்ணு” என்றாள். “நான் கண்ணாடிப் பொட்டியத் தொடைக்கும்போது முழிச்சுக்கிட்டுக் கெடக்கும். துணி இந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் பாக்கும். அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் பாக்கும். எனக்கு வேல அங்க முடிஞ்சிருக்கும். இருந்தாலும் தொடச்ச எடத்தையே திரும்பத் திரும்பத் தொடச்சுக்கிட்டு நிப்பேன்.”

“எப்படி?” என்றாள் சிவகாமி. “காட்டுங்க.”

ரஹ்மத் பீவி முந்தானை நுனியைக் கையில் சுருட்டி எடுத்தாள். எதிரே கண்ணாடி இருப்பதுபோலக் காற்றில் வைத்து, மெதுவாக இடது பக்கம் கொண்டு போனாள். பிறகு வலது பக்கம். மறுபடியும் இடது பக்கம்.

சிவகாமி இமைக்காமல் அந்தத் துணி போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.